எல்லாம் இருக்கு, கதை எங்கே?

தமிழில் கேம் கதை எழுத வருகிற இளைஞர்களிடம் ஒரு வியாதி பரவியிருக்கிறது. அதற்கு ‘லோர்’ என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். குமரிக்கண்டம் கடலுக்குள் போகும். தப்பி வந்த சித்தர் ஒருவர் பொதிகை மலையில் ஓலைச்சுவடியை ஒளித்து வைப்பார். பாண்டியன் அதே மலையில் புதையலை ஒளித்து வைப்பான். வெள்ளைக்காரன் இரண்டையும் தேடுவான். இன்றைய நாயகன் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்புவான், அவனுடைய தாத்தா வர்ம ஆசானாக இருப்பார், ஊரில் சாதிச் சண்டை நடக்கும், மணல் கொள்ளை நடக்கும், கடைசியில் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு ஏ.ஐ. இருக்கும். இத்தனையும் ஒரே கேமில். செய்யப்போவது மூன்று பேர், சனி ஞாயிறுகளில்.

இதைப் பெரிய கனவு என்று நிறைய பேர் பாராட்டுகிறார்கள். நான் இதைப் பயம் என்று சொல்வேன். கையில் இருக்கிற ஒரு கதை தனியாக நிற்காதோ என்ற பயம். அதனால் அதற்குத் துணைக்கு ஒருத்தர், அவருக்குத் துணைக்கு இன்னொருத்தர் என்று சேர்த்துக்கொண்டே போகிறோம். கடைசியில் கல்யாண வீடு மாதிரி கூட்டம் கூடிவிடுகிறது, மாப்பிள்ளையைத்தான் காணவில்லை.

பகலில் மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிறவன் நான். கேம்களைப் பற்றி அவ்வப்போது எழுதுவதால் சிலர் தங்கள் கதை ஆவணங்களை எனக்கு அனுப்புவார்கள். போன வருடம் தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி 84 பக்கம் அனுப்பியிருந்தான். பெயர் வேண்டாம். கிட்டத்தட்ட இதே ஆவணம் ஈரோட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் எனக்கு வந்திருக்கிறது, ஊர்ப் பெயர்கள்தான் வேறு. இவனுடையதில் பராக்கிரம பாண்டியன் கட்டிய காசி விஸ்வநாதர் கோவில், நெற்கட்டும்செவல் புலித்தேவர், செங்கோட்டை கணவாய், சித்திர சபைச் சுவரோவியத்துக்குள் நுழைந்து வேறு காலத்துக்குப் போகும் வழி எல்லாம் உண்டு. சண்டை உண்டு, சமையல் உண்டு, கைவினைப் பொருள் செய்வது உண்டு, பறவை பிடிப்பது உண்டு, ஜீப் ஓட்டுவது உண்டு.

31ஆம் பக்கத்தில் ஒரு ‘சைடு குவெஸ்ட்’. பேரருவிக் கரையில் டூட்டி பார்க்கிற ஒரு காவலர். மலையில் மழை. தண்ணீர் கூடுகிறதா இல்லையா என்று பார்த்து அவர் விசில் ஊத வேண்டும். சீக்கிரம் ஊதினால் வெளியூர்க்காரர்கள் திட்டுவார்கள், கடைக்காரர்கள் முறைப்பார்கள். தாமதமாக ஊதினால் என்ன ஆகும் என்பதை அவன் எழுதவில்லை. ‘ரிவார்டு: 200 காசு, ஒரு மூலிகை’ என்று முடித்துவிட்டான்.

நான் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். மிச்சமுள்ள 83 பக்கத்தையும் யார் வேண்டுமானாலும் எழுதலாம், விக்கிபீடியா இருந்தால் போதும். இந்த ஒரு பக்கத்தை அந்த ஊர்க்காரன்தான் எழுத முடியும்.

குற்றாலத்துக்குச் சீசனில் போனவர்களுக்குத் தெரியும். பேரருவியில் ஒரு பாதுகாப்பு வளைவு இருக்கிறது, எல்லோரும் ‘ஆர்ச்’ என்பார்கள். தண்ணீர் அந்த ஆர்ச்சைத் தாண்டி விழ ஆரம்பித்தால் குளிக்கத் தடை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மாவட்டச் செய்தியில் திரும்பத் திரும்ப வரும் வாக்கியம் இது. ஊரின் வருமானமே அந்த ஒரு கோட்டில் தொங்குகிறது. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர், மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கிற அம்மா, துண்டு ஜட்டி விற்கிற பையன், லாட்ஜ் வாசலில் ஆள் பிடிக்கிறவர் எல்லோருக்கும் வருடத்தில் மூன்று மாதம்தான் கணக்கு. தடை போட்டால் அன்றைக்கு வியாபாரம் படுத்துவிடும். தடை போடாவிட்டால் என்ன ஆகும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். சீசனே இன்னும் தொடங்கவில்லை, கோடை மழை. கீழே நிற்கிறவனுக்கு மேலே என்ன பெய்கிறது என்று தெரியாது. அதுதான் அருவியின் குணம்.

அந்த மரணத்தை எடுத்து கேமாக்கு என்று நான் சொல்லவில்லை. அது ஒரு வீட்டின் துக்கம், அதைத் தொட நமக்கு உரிமை இல்லை. ஆனால் கீழே நின்றுகொண்டு மேலே நடப்பதை ஊகித்து, நூறு பேர் சந்தோஷத்தைக் கெடுக்கலாமா என்று முடிவெடுக்கிற ஒரு மனிதனின் நிலைமை, அது கேமுக்கென்றே பிறந்தது. பார்ப்பது, காத்திருப்பது, ஊதுவது. மூன்றே வினை. லூகாஸ் போப் 2013இல் வெளியிட்ட ‘பேப்பர்ஸ் ப்ளீஸ்’ இப்படித்தான் ஒரு மேஜை, ஒரு முத்திரை, ஒரு எல்லைச் சாவடி அதிகாரி என்று நிற்கிறது. அதில் அரசியலும் குடும்பமும் லஞ்சமும் துரோகமும் எல்லாம் வரும், ஆனால் அந்த மேஜைக்கு வரிசையில் நின்றுதான் வரும். எழுந்து போய் வாள் சுழற்றச் சொல்லாது.

நான் அவனிடம் இதைச் சொன்னபோது அவன் கேட்டான்: “ஆனா ணே, வெறும் விசிலா? கேமுக்கு வெயிட்டு வேண்டாமா?”

இந்த ‘வெறும்’தான் என் சண்டைக்குக் காரணம்.

முதலில் பொறியாளனாக ஒரு கணக்கு. ஒரு கேமில் எட்டு அமைப்புகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சண்டை, சமையல், கைவினை, உறவு மதிப்பெண், நாள் இரவு, வாகனம், மாயம், வியாபாரம். எட்டு என்றால் எட்டு வேலை என்று நினைக்கிறோம். இல்லை. ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் மோதும். இரண்டிரண்டாக எடுத்தால் 28 உறவு. சண்டை நடக்கும்போது சமைக்கலாமா, இரவில் கடை திறந்திருக்குமா, ஜீப்பில் இருக்கும்போது மந்திரம் வேலை செய்யுமா என்று ஒவ்வொன்றுக்கும் யாரோ உட்கார்ந்து பதில் எழுத வேண்டும். கதையில் ‘ஆம், இல்லை’ என்று பத்து முடிவுகளை ஞாபகம் வைக்கிறீர்கள் என்றால் 1024 நிலைமைகள். அத்தனையிலும் பாட்டி சரியான வசனம் பேச வேண்டும். பேச மாட்டாள். நேற்று செத்துப்போன தாத்தாவைப் பற்றி ‘அவர் தோட்டத்துக்குப் போயிருக்காருய்யா’ என்று சொல்லுவாள். இந்த மாதிரி பக் எனக்கு வேடிக்கையாக இருக்கும், எழுதியவனுக்கு இருக்காது.

வேலைப்பளுவாவது பரவாயில்லை, ஆள் சேர்த்தால், காசு சேர்த்தால் தீரலாம். தீராதது இன்னொன்று. விளையாடுகிறவருடைய கையும் கவனமும் ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் இருக்கும். நாவலில் போர்க்களத்துக்கு நடுவே இருபது பக்கம் மலர்களைப் பற்றி எழுதலாம், வாசகர் விரும்பினால் தாண்டிப் போவார், மனதுக்குள் போர் நின்றே காத்திருக்கும். கேமில் அப்படி இல்லை. கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டால் அந்த நிமிடத்துக்கு அதுதான் கதை. தங்கையைக் கடத்திவிட்டார்கள் என்று கட்ஸீனில் அழவிட்டு, அடுத்த நிமிடமே பதினைந்து நேந்திரம் குலை பறித்துக்கொண்டு வா என்றால், தங்கை முக்கியமில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். கதை சொல்வதும் கை செய்வதும் முரண்படுகிற இந்த நிலைமைக்கு கிளிண்ட் ஹாக்கிங் 2007இல் ‘பயோஷாக்’ கேமைப் பற்றி எழுதும்போது ஒரு பெயர் கொடுத்தார், ‘லூடோநேரட்டிவ் டிஸனன்ஸ்’. வாய்க்குள் நுழையாத பெயர். நம்மூரில் ‘சொல்றது ஒண்ணு செய்றது ஒண்ணு’ என்றால் முடிந்தது.

பெரிய ஆட்களுக்கும் இது நடக்கும். ‘பயோஷாக் இன்ஃபினிட்’ 2013இல் வந்தது. கோடிக்கணக்கில் பணம், வருடக்கணக்கில் உழைப்பு. மேகத்தில் மிதக்கும் ஒரு நகரம், அதில் வெள்ளை இனவெறி, தொழிலாளர் கிளர்ச்சி, ஒரு தீர்க்கதரிசி, அவர் அடைத்து வைத்திருக்கும் பெண், பிறகு இணை உலகங்கள். ஆரம்பத்தில் அந்த இனவெறிக் காட்சிகள் வயிற்றைப் பிசையும். இணை உலகங்கள் உள்ளே வந்ததும் எல்லாம் மாறிவிடுகிறது. கிளர்ச்சி நடக்காத உலகத்திலிருந்து நடந்த உலகத்துக்கு ஒரு கதவு வழியாகப் போய்விடலாம். அப்படிப் போன பிறகு அந்தத் தொழிலாளிகளின் கோபத்துக்கு என்ன எடை? கடைசியில் கிளர்ச்சித் தலைவி டெய்ஸி ஃபிட்ஸ்ராயையும் ஒடுக்கியவனையும் ஒரே தட்டில் வைத்துவிட்டு, கதை தன் குவாண்டம் புதிரைத் தீர்க்கப் போய்விடும். அந்தக் கேமை எழுதியவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒரே நாற்காலியில் இரண்டு கதைகளை உட்கார வைத்தார்கள், பலசாலி மற்றதைத் தள்ளிவிட்டது. தள்ளப்படுவது எப்போதும் ஏழைகளின் கதையாக இருப்பது தற்செயலா என்று நீங்களே யோசியுங்கள். 31ஆம் பக்கத்துக் காவலரையும் சேர்த்து.

உடனே ஒரு பதில் வரும். “அப்போ ‘டிஸ்கோ எலிசியம்’? அதுல எவ்வளவு இருக்கு!” இருக்கிறது. தோற்றுப்போன புரட்சி, கம்யூனிசம், தாராளவாதம், குடி, காதல் தோல்வி, பேசும் கழுத்துப்பட்டை. 24 திறன்கள், அத்தனையும் வாய் திறந்து பேசும். ஆனால் எங்கே பேசுகின்றன? ஒரே மண்டைக்குள். ஊர் ஒன்று, மார்ட்டினேஸ் என்ற ஒரு பேட்டை. பிணம் ஒன்று. தனியாகச் சண்டை முறை என்று ஒன்றே கிடையாது, அடிதடியும் அதே பகடையில், அதே வசனத்தில்தான். ‘ஓப்ரா டின்’ கப்பலில் 60 பேர், கடல் பூதம்கூட உண்டு. கேட்பது ஒன்றே: இவர் யார், எப்படி இறந்தார், இறந்திருந்தால். நிறைய இருப்பது குற்றமே இல்லை. ஒன்றோடொன்று போட்டி போடுவதுதான் குற்றம்.

இதற்கு நான் எஸ்தோனியா வரை போயிருக்க வேண்டாம். அந்தத் தம்பியின் வீட்டுப் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் எழுதிய திருக்குற்றாலக் குறவஞ்சி. 18ஆம் நூற்றாண்டு. மதுரை நாயக்க அரசர் முத்து விஜயரங்க சொக்கநாதர் இதற்காக நிலமே கொடுத்தார் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் மலைவளப் பாட்டு ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு விட்டுவிட்டோம், அதனால் அதன் கட்டுமானம் நம் கண்ணில் படவே இல்லை.

அதில் என்னென்ன இருக்கிறது பாருங்கள். குற்றாலநாதர் பவனி, அதை அறிவிக்கக் கட்டியக்காரன். வசந்தவல்லியின் பந்தாட்டம். அவள் காதல், நிலாவைத் திட்டுவது, மன்மதனைத் திட்டுவது, தோழியைத் தூது அனுப்புவது. பிறகு குறத்தி வருகிறாள். மலை, நாடு, அருவி, தெய்வம், குலம் என்று வர்ணனை. கைரேகை. அப்புறம் கதை சிங்கனுக்கு மாறுகிறது. வலை, பறவைகள், உதவிக்கு நூவன், காணாமல் போன சிங்கியைத் தேடுவது. இன்றைய கேம் ஆவணத்தில் இருக்கிற அத்தனை சாமானும் இதில் உண்டு. பறவை பிடிக்கும் மினி கேம் உட்பட!

ஆனால் ஒன்றும் சண்டை போடவில்லை. ஏன்? குறத்தி மலையைப் பற்றிப் பாடுவது சும்மா இல்லை. வசந்தவல்லி அந்த மலைக்குரியவனைத்தான் நினைத்து உருகிக்கொண்டிருக்கிறாள், உன் மலை எப்படி என்று அவளேதான் கேட்கிறாள். வர்ணனை ஒவ்வொன்றும் அவள் காதில் விழுகிறது. அதாவது அது ‘லோர்’ இல்லை, பதில். நடுவில் இருப்பது ஒரே செயல், குறி சொல்வது. முதல் கதை அதை நோக்கி வருகிறது, இரண்டாவது கதை அதிலிருந்து புறப்படுகிறது. குறி சொல்லப் போனதால்தான் சிங்கி காணாமல் போகிறாள். திரும்பக் கிடைத்ததும் சிங்கன் கேட்பது அவள் உடம்பில் இருக்கும் புது நகைகளைப் பற்றி. காலில் இதென்ன, இடுப்பில் இதென்ன என்று சந்தேகமும் ஆசையும் கலந்து கேட்கிறான். எல்லாம் குறி சொல்லி ஊர் ஊராகப் பெற்றவை. ஒரு தொழில், அந்தத் தொழிலின் கூலி, அதைப் பார்த்து இன்னொருவனுக்கு வரும் கேள்வி. இன்றைக்கு ஒரு கேம் வடிவமைப்பாளர் இதைச் செய்தால் மாநாட்டில் மேடை ஏற்றுவார்கள்.

ஐந்தருவியையும் இப்படித்தான் பார்க்கிறேன். மேலே ஒரே தண்ணீர், விழும்போது ஐந்து கிளை. எந்தக் கிளையில் நின்றாலும் நனைவது அந்தத் தண்ணீரில்தான். கிளைக்கதை எழுதுகிறவர்கள் ஐந்து ஆறுகளைக் கொண்டு வந்து ஒரே பாறையில் விடப் பார்க்கிறார்கள். பேரருவிக்கு இன்னும் ஒரு நுட்பம் உண்டு. சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்ற ஆழமான பள்ளத்தில் விழுந்து, வேகம் அடங்கி, பொங்கி வழிந்துதான் கீழே வருகிறது. அந்தப் பள்ளம் இல்லையென்றால் யாரும் அங்கே தலையைக் காட்ட முடியாது. உவமை போதும், விட்டுவிடுகிறேன்.

தமிழ் கேம் என்றாலே இப்போது எல்லோரும் ‘வெண்பா’வைச் சொல்கிறார்கள். டொராண்டோவில் இருக்கிற விசை கேம்ஸ் 2023 ஜூலை 31இல் வெளியிட்டது. அடுத்த வருடம் பாஃப்டாவில் அறிமுக கேம் விருது, ஐ.ஜி.எஃப்.இல் தலையாய விருது. ஆனால் நம்மவர்கள் அதைச் சொல்கிற விதம் எனக்கு எரிச்சல். “நல்லாருக்கு, ஆனா ரொம்பச் சின்னது, ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சிருது.” சாப்பாட்டு விடுதியில் சோறு நன்றாக இருக்கிறது, ஆனால் தட்டு சின்னது என்று புகார் சொல்கிற மாதிரி.

அது எதையெல்லாம் விட்டுவிட்டது என்று யோசியுங்கள். 1988இல் கனடாவில் ஒரு தமிழ்க் குடும்பம். வெண்பா, பாவலன், பிறகு மகன் கவின். புலம்பெயர்ந்த வாழ்க்கையில் எத்தனை எழுதலாம்! விசா, அரசியல், ஊர்ச் சங்கம், கோவில், பனி, வீட்டு வாடகை. அவர்கள் எடுத்துக்கொண்டது அம்மா கொடுத்த ஒரு சமையல் குறிப்பு நோட்டு, அதுவும் எழுத்து அழிந்தது. விளையாடுகிறவர் செய்ய வேண்டியதெல்லாம் அழிந்த இடத்தை ஊகித்துச் சமைப்பது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் போகும் என்று கண்டுபிடிக்க வேண்டும். வேலைக்குப் போக வர நடக்கும் அவமானம், ஊருக்கே திரும்பிவிடலாமா என்ற பேச்சு, தமிழ் பேச வெட்கப்படும் மகன், எல்லாம் அந்த அடுப்படியைச் சுற்றித்தான் வருகின்றன. பின்னால் கவின் கைக்கு அடுப்பு மாறும்போது அந்த நோட்டின் தமிழே அவனுக்குத் தடுமாற்றம். அழிந்தது எழுத்து மட்டுமில்லை என்று அப்போது நமக்கே விளங்குகிறது, யாரும் வசனம் பேசி விளக்கவில்லை. இதற்குப் பக்கத்தில் ஒரு சண்டைக் காட்சியை வைத்திருந்தால்? ஒரு சித்தரை?

“அவங்க கனடாவுல இருக்காங்க, அவங்களுக்குச் சின்னதா செய்ய முடியும், நாம போட்டி போடணும்ல” என்று ஒரு நண்பர் சொன்னார். தலைகீழாகச் சொல்கிறார். மூன்று பேர், ஒரு பழைய லேப்டாப், இரண்டு வருடச் சேமிப்பு. நமக்குத்தான் சின்னதாகச் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. மத்தளம்பாறையில் ஜோஹோ வந்த பிறகு தென்காசிக் கிராமங்களிலும் நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். திறமைக்குப் பஞ்சமில்லை. அந்தப் பிள்ளைகளின் இரண்டு வருடத்தை ஒருபோதும் முடியாத ஒரு பாண்டியப் புதையலுக்குப் பலி கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன். அந்த ஊக்கத்தைக் கொடுக்கிற நடுவர்களையும் எதிர்க்கிறேன். கல்லூரிப் போட்டிகளில் பார்த்திருப்பீர்கள், ஒரு மாணவி ஒரே ஒரு யோசனையோடு வந்து நிற்பாள், ‘மல்டிபிளேயர் இருக்கா, காம்பேட் இருக்கா’ என்று கேட்பார்கள். அடுத்த போட்டிக்கு அவள் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு வருவாள். அப்போது பரிசு கிடைக்கும். கேம் கிடைக்காது.

இந்தப் பக்கத்து ஆள் ஒருவரை இங்கே நினைவுபடுத்த வேண்டும். கடைசிக் காலத்தைக் குற்றாலத்தில் கழித்த ரசிகமணி டி.கே.சி. கம்பராமாயணத்திலிருந்தே ஏராளமான பாடல்களை, இது கம்பன் பாட்டே இல்லை, இடைச்செருகல் என்று ஒதுக்கித் தள்ளினார். புலவர்கள் கொதித்தார்கள். எனக்கும் அந்த முறையில் உடன்பாடில்லை, அடுத்தவர் பாட்டில் கத்தி வைக்க ரசனை மட்டும் போதாது. ஆனால் அந்தக் கத்தியைத் தன் சொந்த ஆவணத்தில் வைக்கிறவனுக்கு ரசனை போதும். இது என் கதையின் பாட்டா, இடையில் செருகியதா? 84 பக்கத்தையும் அந்தக் கண்ணோடு படித்தால் பாதி ராத்திரியில் வேலை முடிந்துவிடும்.

அந்தத் தம்பியோடு உட்கார்ந்து அப்படித்தான் செய்தோம். கேள்வி ஒன்றுதான்: விசில் ஊதலாமா வேண்டாமா என்ற முடிவை இது கனமாக்குகிறதா? மங்குஸ்தான் விற்கிற பாட்டி இருக்கட்டும், விசில் ஊதினால் அவளுடைய பழம் அழுகும். எண்ணெய் தேய்க்கிற அண்ணாச்சி இருக்கட்டும், முப்பது வருடமாக அங்கேயே நிற்பவர், தண்ணீரின் நிறம் மாறினால் அவருக்குத்தான் முதலில் தெரியும், ஆனால் சொன்னால் அவருக்கே வருமானம் போகும். செண்பகாதேவிப் பக்கம் மேலே இருக்கிற யாரோ ஒருவரிடமிருந்து வரும் போன் இருக்கட்டும், சிக்னல் பாதி நேரம் கிடைக்காது. சென்னையிலிருந்து எட்டு வருடம் கழித்து அப்பாவோடு வந்து, அரை மணி நேரமாவது குளித்துவிட வேண்டும் என்று கெஞ்சுகிற குடும்பம் கட்டாயம் இருக்கட்டும். சித்தர் போகட்டும். ஜீப் போகட்டும். ஏ.ஐ. முதலில் போகட்டும். வர்ம ஆசான் தாத்தாவை விட அவனுக்கு மனசில்லை, கடைசியில் அவரே எண்ணெய் அண்ணாச்சியாகிவிட்டார், கை அதே கைதானே.

புலித்தேவருக்காக மட்டும் ஒரு மணி நேரம் வாதாடினான். “நம்ம மாவட்டம்லா ணே, அவரு இல்லாம எப்படி?” நெற்கட்டும்செவல் அங்கேயேதான் இருக்கும், எங்கேயும் போய்விடாது என்று சொன்னேன். முகம் சரியில்லை, ஆனால் எடுத்துவிட்டான். இப்போது 11 பக்கம் இருக்கிறது. குரங்குகள் வேண்டுமா வேண்டாமா என்பதில் மட்டும் எங்களுக்கு இன்னும் ஒத்துவரவில்லை. மழை வருமுன் அவை கீழே இறங்கும் என்கிறான் அவன். அப்படியென்றால் இருக்கலாம்.